கூட்டத்துக்கு ஒரு கேமரா

காக்களூரில் புதிதாக எழும்பியிருந்த ஒரு போல்ட் கம்பெனியில், 1974ஆம் வருடம், தொழிலாளர்கள் எல்லோருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்று முடிவானது. படம் எடுக்கத் திருவள்ளூரிலிருந்து ஆசீர்வாதத்தை வரவழைத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர் கொட்டகை ஓரமாக வரிசையில் நின்றார்கள். ஆசீர்வாதம் பையிலிருந்து ஃபிலிம் சுருளை எடுத்தார். உறையைக் கிழித்தார். முதலில் நின்றவனின் மூக்குக்கு நேரே அதை நீட்டினார்.

"ஃபிலிம். பார்த்துக்கப்பா."

"பார்த்துக்கினேன் சார்."

"பின்னாடி நிக்கிறவங்களும் பார்த்துக்கங்க."

எல்லோரும் எட்டிப் பார்த்த பிறகுதான் அதைக் கேமராவில் போட்டார். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். ஆகவே பன்னிரண்டு பேருக்கு ஒரு தடவை, மொத்தம் பத்துத் தடவை, சுருளைத் தூக்கிக் காட்டினார்.

மேஸ்திரி ராஜமாணிக்கம் ஐந்தாவது தடவையில் பொறுமை இழந்தார். "இன்னா சார் இது, தொப்பிலேந்து முயல் எடுக்கறவன் மாதிரி ஒவ்வொரு வாட்டியும் காட்டிக்கினு? ஃபிலிம் இல்லாமலா படம் எடுக்கப் போற?"

"பழக்கம்" என்றார் ஆசீர்வாதம்.

அது ஐந்து வருடத்துப் பழக்கம். அதற்கு முன்பு அவருக்கு வேறொரு பழக்கம் இருந்தது. ஃபிலிம் இல்லாமல் படம் எடுக்கிற பழக்கம்.

திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து வீரராகவர் கோயிலுக்குப் போகிற சாலையில், சோடாக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது ஆசீர்வாதம் ஸ்டூடியோ. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். மகன் மதராஸில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருடம் இருட்டறைத் தண்ணீரில் கை ஊறி, நகமெல்லாம் பழுப்பாகி, தொழில் கற்றுக்கொண்டு வந்து 1961இல் தனியாகக் கடை போட்டார். பின்னால் தொங்குகிற திரையில் தாஜ்மகால், அதன் பக்கத்தில் தென்னை மரம், தென்னை மரத்துக்குப் பின்னால் புகை விடுகிற கப்பல். வரைந்தவர் மூன்றுக்கும் தனித்தனியாக ஆசைப்பட்டிருந்தார். அந்தத் திரைக்கு முன்னால்தான் திருவள்ளூரின் பாதிக் கல்யாண ஜோடிகள் முறைத்துக்கொண்டு நின்றன. மனைவி விக்டோரியா அந்தப் படங்களுக்குத் தூரிகையால் வண்ணம் பூசுவாள். கன்னத்தில் ரோஜா நிறம், சேலைக்குக் கிளிப் பச்சை. கல்யாணப் பெண் எந்த நிறச் சேலை கட்டினாள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் பூசுவாள். தெரியாத நிறத்தை அவள் தொட மாட்டாள்.

ஆடி, மார்கழியைப் போல இன்னொரு மாதமும் ஆசீர்வாதத்துக்குக் கல்யாண வேலை கிடையாது. புரட்டாசி. அந்த மாதத்தில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். அவர் வேதக்காரர், அவருக்குப் புரட்டாசியும் ஒன்றுதான், பங்குனியும் ஒன்றுதான். ஆனால் வாடிக்கைக்காரர்களுக்கு இல்லாத முகூர்த்தம் அவருக்கும் இல்லை. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் அந்த மாதத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆசீர்வாதம் யாஷிகா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வெயிலின் கடுமை தணிந்து, மேகம் கூடியும் கூடாமலும் நிற்கிற அந்த ஒரு மாத வெளிச்சத்தை அவர் வருடம் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். முதல் ரயிலில் மதராஸ் போய், சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் மழை நின்ற ஈரத்தில் டிராம் தண்டவாளத்தின் மிச்சத்தைத் தேடுவார். மெரினாவில் விடியலுக்குக் காத்திருப்பார். இன்னொரு நாள் சோழவரம் ஏரிக்கரை. அதற்கடுத்த வாரம் ஊத்துக்கோட்டை சாலையில் நாணல் பூத்துக் கிடக்கிற ஏதாவதொரு வெட்டவெளி. கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழவேற்காடு. எல்லாப் படத்துக்கும் ஒரே விதிதான் வைத்திருந்தார். படத்தில் மனுஷன் இருக்கக் கூடாது.

"வருசம் பூரா மூஞ்சியையே பார்க்கிறேன் விக்டோரி" என்பார். "ஒரு மாசம் கண்ணு கழுவிக்கிறேன்."

"கழுவிக்கங்க. வரும்போது இறால் வாங்கினு வாங்க" என்பாள் விக்டோரியா.

மனுஷன் இல்லாத இடத்தை அந்த ஜில்லாவில் கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. கேமராவைப் பார்த்ததும் எங்கிருந்தோ பத்துப் பேர் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் கொக்கை விரட்டிவிட்டு, கொக்கு நின்ற இடத்தில் தாங்கள் நிற்பார்கள். "என்னை எடு சார்" என்பார்கள். எடுக்காவிட்டால் போக மாட்டார்கள். எடுக்கலாம் என்றால் ஃபிலிம் பன்னிரண்டுதான்.

இதற்கு ஆசீர்வாதம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மூர் மார்க்கெட்டில் கிடைத்த ஒரு பழைய பெட்டிக் கேமராவை இன்னொரு தோளில் மாட்டிக்கொள்வார். அதில் ஃபிலிம் கிடையாது. பின் மூடியின் கொக்கி உடைந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது. ஆனால் அதன் ஸ்பிரிங் மட்டும் பிரமாதமாக வேலை செய்தது. நல்ல கேமராவைவிடக் கம்பீரமான 'கிளிக்'. கூட்டத்தை வரிசையாக நிறுத்துவார். தாடையைத் தூக்கச் சொல்வார். கிளிக். "அடுத்த தடவை வரும்போது தரேன்" என்பார். சனங்கள் சந்தோஷமாகக் கலைந்துவிடும். அதன் பிறகு அவர் யாஷிகாவைத் திறந்து, ஆளற்ற தண்ணீரைப் படம் எடுப்பார்.

கூட்டத்துக்கு ஒரு கேமரா, கண்ணுக்கு ஒரு கேமரா என்று அவர் அதைச் சொல்வார். விக்டோரியா அதைப் பொய்ப் பெட்டி என்றாள். அடுத்த தடவை என்று ஒன்று வருமே, அப்போது கேட்க மாட்டார்களா என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"மறந்துடுவாங்க" என்றார் ஆசீர்வாதம். அவர் மறந்துவிட்டதால் அப்படி நினைத்தார்.

1968 புரட்டாசியில், பழவேற்காட்டு ஏரிக்கரையில், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் ஒரு வெளிச்சம் வந்தது. மேகத்துக்குக் கீழே சூரியன் ஒரு கோடு மட்டும் போட்டது. தண்ணீர் அசையவில்லை. கரையில் ஒரு படகு, அதற்கு அப்பால் ஒற்றைக் கொக்கு. ஆசீர்வாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டை விரிக்கும்போது, படகுக்குள்ளிருந்து ஓர் ஆள் எழுந்து நின்றார்.

முப்பது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் படகு தள்ளுகிற கழி.

"ஃபோட்டோவா சார்?"

"ஆமாம்பா. கொஞ்சம் தள்ளிக்கிறியா?"

"என்னியும் ஒண்ணு எடு சார். எம் பேரு சின்னராசு. அந்தாண்ட குப்பம். நானு இதுவரிக்கும் ஃபோட்டோ எடுத்ததே இல்ல. கண்ணாலத்துக்குக்கூட இல்ல. அன்னிக்கு ஃபோட்டோக்காரரு வர்ற வழில பஸ்ஸு மண்ணுல மாட்டிக்கிச்சி."

சூரியனின் கோடு மெலிந்துகொண்டிருந்தது. ஆசீர்வாதம் பெட்டிக் கேமராவைத் தூக்கினார். "சரி, நில்லு, நில்லு."

"இரு சார். துண்டோடவா எடுக்கறது?" சின்னராசு துண்டை அவிழ்த்தார். இடுப்பிலிருந்து ஒரு சீப்பை எடுத்துத் தலை வாரினார். தண்ணீரில் குனிந்து பார்த்து, சரியில்லை என்று, மறுபடி வாரினார். பிறகு ராணுவத்தில் நிற்பவர் போல் நிமிர்ந்து நின்று, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். கிளிக்.

"நல்லா வந்துச்சா சார்?"

"நல்லா வந்துச்சு. அடுத்த தடவை வரும்போது தரேன். இப்போ கொஞ்சம் தள்ளிக்கோ. கொக்கு போயிடும்."

சின்னராசு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். ஆசீர்வாதம் யாஷிகாவுக்குள் குனிந்தார். "இன்னும்" என்றார். சின்னராசு இன்னும் நகர்ந்தார். "இன்னும். இன்னும் கொஞ்சம்." கொக்கு ஒரு காலைத் தூக்கியது. ஆசீர்வாதம் அழுத்தினார்.

சதுர நெகட்டிவ். மேலும் கீழும் வெட்டி, இடது ஓரத்தையும் வெட்டி, அகலவாக்கில் பெரிதாக்கினார். ஓரத்தில் என்னவோ இருந்தது, இருந்ததை வெட்டினார். என்ன என்று பார்ப்பது அவருடைய வேலையாக இருக்கவில்லை. மதராஸில் ஒரு படக்கழகத்தார் நடத்திய கண்காட்சியில் அந்தப் படம் இரண்டாம் பரிசு வாங்கியது. தீர்ப்புச் சொன்ன பெரியவர், "ஆள் அரவமே இல்லாத அமைதி" என்று மேடையில் பாராட்டினார். வெள்ளிப் பூச்சுக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். விக்டோரியா அதில் புளி போட்டு வைத்தாள். படத்தைக் கண்ணாடி போட்டு, ஸ்டூடியோவில் வாடிக்கைக்காரர் உட்காருகிற பெஞ்சுக்கு மேலே மாட்டினார்கள்.

மறு வருடம் புரட்டாசி அமாவாசை வந்தது. அந்த மாதத்தில் ஆசீர்வாதம் கடையில் இருக்கிற ஒரே நாள் அது. செத்துப்போனவர்களுக்குத் திதி கொடுக்கச் சுற்றுவட்டாரம் முழுக்கத் திருவள்ளூர்க் குளத்துக்கு வரும். வெல்லம் கரைத்து, முழுகி, ஈரத் தலையோடு திரும்புகிற சனங்களில் சிலருக்குப் படம் எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்தாள். கூட ஒரு வாலிபன், மொட்டை அடித்த தலை.

"சார் நீதானே, போன வருசம் பயவேக்காட்டுக்கு ரெண்டு கேமரா மாட்டிக்கினு வந்தது?"

"ஆமாம்."

"எம் பேரு கங்கம்மா. சின்னராசு ஊட்டுக்காரி. இது அவரு தம்பி சேகர். எங்க ஊட்டுக்காரர நீ ஃபோட்டோ எடுத்தியே, அத்த வாங்கினு போலாம்னு வந்தேன்."

ஆசீர்வாதத்துக்கு முதலில் சின்னராசு என்ற பெயர் நினைவுக்கு வரவில்லை. சீப்புதான் வந்தது.

"ஏம்மா, அவரு வரலையா?"

"போன கார்த்திகைப் புயல்ல கடல்ல பூட்டாரு சார். உடம்பு கெடைக்கல" என்றாள் கங்கம்மா, அன்றைய மீன் வரத்தைச் சொல்வது போல. "தர்ப்பையில உருவம் பண்ணி எரிச்சோம். இன்னிக்கு முத புரட்டாசி அமாவாசை. பாப்பாவுக்கு நாலு வயசு. நைனா எப்டி இருப்பாருன்னு கேட்டுக்கினே இருக்குது. ஃபோட்டோவுல இருக்காருடி, திருவள்ளூர்ல ஒரு சார்கிட்ட இருக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே கொக்கும் படகும் அசையாத தண்ணீரும் இருந்தன.

ஆசீர்வாதம் உள்ளே போனார். வெளியே வந்து, "அந்தச் சுருள்ல வெளிச்சம் பட்டுப் போச்சும்மா" என்றார். "இருந்தாலும் தேடிப் பார்க்கிறேன்."

பொய் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். தேடிப் பார்ப்பதாகச் சொன்னதுதான் பெரிய தப்பு என்று அவருக்கு உடனே தெரிந்தது. கங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நிதானமா தேடு சார். ஒரு வருசம் பொறுத்தாச்சி. இன்னும் கொஞ்ச நாளு" என்றாள். படியிறங்கும்போது தம்பியிடம், "கெடைக்கும்டா. ஃபோட்டோவுக்கு மூஞ்சி காட்டத் தெரியாத ஆளு, அதான் லேட்டாவுது" என்று சொல்வது கேட்டது.

விக்டோரியா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொய்ப் பெட்டியா?"

"ஆமாம்."

அவள் தூரிகையைக் கழுவப் போனாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது, அவரே ஆரம்பித்தார். "சாயல் படம் பண்ணிடலாமான்னு பார்க்கிறேன்." சாயல் படம் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. படம் எடுக்காமலே செத்துப்போனவருக்கு, அவரைப் போல் இருக்கிற அண்ணனையோ தம்பியையோ உட்கார வைத்து எடுத்து, மீசையைக் கூட்டி, கன்னத்தைக் குறைத்து, பென்சிலால் திருத்திக் கொடுப்பார்கள். எத்தனையோ வீட்டுச் சுவரில் சித்தப்பாமார் அப்பாவாக மாலை போட்டுக்கொண்டு தொங்கினார்கள். "அந்தப் பையன் சேகர், அண்ணன் ஜாடைதான். முடி வளர்ந்ததும் கூப்பிட்டு..."

"அந்தப் பாப்பா சித்தப்பன நைனான்னு கும்பிடணுமா?"

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெனம் தெனம் பார்க்கப் போறது அவ" என்றாள் விக்டோரியா. "நீங்க பண்ணுங்க. நான் வண்ணம் பூச மாட்டேன்." ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

புரட்டாசி முடிவதற்குள் ஆசீர்வாதம் பழவேற்காட்டுக்குக் கிளம்பினார். அமாவாசைக்குப் பிறகு அந்த மாதத்தில் அவர் போன ஒரே வெளிப் பயணம் அதுதான். கேமரா எதுவும் எடுத்துப் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு. பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி என்று மூன்று பஸ் மாறினார். ஆரணியில் ஆற்றுமணல் மேல் அவர் வருடக்கணக்காகத் தேடிய ஒரு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்தார்.

சேகர்தான் படகில் ஏற்றி, கழி போட்டுத் தள்ளி, அந்தப் பக்கத்துக் குப்பத்துக்குக் கூட்டிப் போனான். கங்கம்மா வலை பிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கெடைச்சிச்சா சார்?"

மனப்பாடம் செய்த வாக்கியத்தின் முதல் சொல்லை அவர் வாயில் கொண்டுவந்துவிட்டார். அதற்குள் பாப்பா அவர் விரலைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தது. பச்சையம்மா என்று பெயர். மண்சுவர் ஒன்றில், புதிதாகச் சாணம் மெழுகி, ஓர் ஆணி அடித்திருந்தது. ஆணிக்கு மேலே குங்குமம். கீழே ஒரு சின்ன அகல்.

"எங்க நைனா இங்கதான் மாட்டப் போறாங்க" என்றது பாப்பா. "தொடாத. எங்கம்மா அடிக்கும்."

ஆசீர்வாதம் ஆணியைப் பார்த்தார். ஆணி நன்றாக, நேராக அடிக்கப்பட்டிருந்தது.

"இன்னும் தேடிக்கிட்டிருக்கேம்மா" என்று கங்கம்மாவிடம் சொன்னார். "சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இதுக்கா இம்மாந்தூரம் வந்த? ஒரு கார்டு போட்டிருந்தா போதாது?" என்றாள் அவள். இரண்டு கெளுத்தியை ஓலையில் சுற்றிக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றார். கையில் திணித்தாள்.

திரும்பும்போது சேகர் கழியை ஊன்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தான். அவனுக்கு அந்த ஃபோட்டோ விஷயம் ஒரு பழங்கதை போல ஆகியிருந்தது.

"அன்னிக்கு எங்கண்ணன் ஊட்டுக்கு வந்து பண்ண அலட்டலு இருக்குதே சார். ஒரு வாரம் அதே பேச்சி. ரெண்டு ஃபோட்டோ எடுத்தாருடான்னு சொல்லிக்கினே இருந்துச்சி."

"ரெண்டா? ஒண்ணுதான்."

"இல்ல சார், ரெண்டு. மொத ஃபோட்டோ எடுத்துட்டு நீ தள்ளிக்கோ, தள்ளிக்கோன்னு சொல்லிக்கினே இருந்தியாம். அண்ணனும் தள்ளிக்கினே போச்சாம். முட்டிவரிக்கும் தண்ணி வந்துடுச்சி, இன்னும் தள்ளணுமா இன்னான்னு திரும்பிக் கேட்டுச்சாம். அப்பதான் இன்னொரு கிளிக் கேட்டுச்சாம். அதுல வாய் தொறந்துக்கினு இருப்பேன்டா, அசிங்கமா வந்திருக்கும், அத்த வாங்கக் கூடாது, தலை வாரினத மட்டும் வாங்கணும்னு சொல்லிச்சி."

ஆசீர்வாதம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேகமாத் தள்ளுப்பா" என்றார். "பஸ்ஸு போயிடும்."

மறுநாள் காலை, பிஸ்கட் டின்னிலிருந்து 1968ஆம் வருடத்துச் சுருளை எடுத்து, அந்த ஒரு நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நடுவில் கொக்கு, படகு, அமைதி. இடது ஓரத்தில், அவர் வெட்டி எறிந்த விரல்கடை அகலத்தில், முட்டிவரை தண்ணீரில் ஓர் ஆள். தலை மட்டும் அரிசி நுனி அளவு. திரும்பியிருந்தது.

இருட்டறையில் பெரிதாக்கும் கருவியைத் தூண் உச்சிவரை ஏற்றினார். போதவில்லை. கருவியை மேஜை விளிம்புக்குத் திருப்பி வைத்து, காகிதத்தைத் தரையில் விரித்து, அவ்வளவு உயரத்திலிருந்து வெளிச்சம் விட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு சேற்றில் நாற்று நட்டவரின் மகன் தரையில் மண்டியிட்டுக்கொண்டு, அரிசி நுனியிலிருந்து ஒரு முகத்தை வரவழைக்கப் பார்த்தார். முதல் காகிதம் கறுத்துப் போனது. இரண்டாவது வெளுத்துப் போனது. மத்தியானம் மூன்று மணிக்கு, ஏழாவது காகிதம், தட்டின் மருந்துத் தண்ணீரில் மெதுவாக நிறம் கூடியது. முதலில் தோளில் துண்டு வந்தது. பிறகு இரண்டு தடவை வாரிய தலை. பிறகு மாவு சலித்துத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக, புருவம் தூக்கி, வாய் பாதி திறந்து, சின்னராசு வந்தார்.

விக்டோரியாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஈரப் படத்தை வெகு நேரம் பார்த்தாள்.

"துண்டு என்ன நிறம்?"

"தெரியலையே."

"அப்போ வண்ணம் வேணாம். அவகிட்ட கேட்டுக்கினு வந்து அப்புறம் பூசலாம்" என்றாள். பிறகு, "கொக்கப் பார்த்த நேரத்துல இந்த மனுசன ஒரு தடவை பார்த்திருக்கலாம்" என்றாள். அதுதான் அவள் திட்டியது. அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

தீபாவளி கழிந்து, மழை ஒரு நாள் விட்டபோது, ஆசீர்வாதம் சட்டமிட்ட படத்தை விக்டோரியாவின் பழைய சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். இன்னொரு தோளில் பொய்ப் பெட்டியும் இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டார் என்று விக்டோரியா கேட்கவில்லை.

கங்கம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று சேகர் வாசலிலேயே நின்றுகொண்டான். அவள் அழவில்லை. படத்தின் மேல் விரல் வைக்காமல், காற்றில் விரலால் மூக்கை, தாடையை வரைந்து பார்த்தாள்.

"இவருதான்" என்றாள். பிறகு, "இன்னாவோ கேக்குற மாதிரி இருக்குதே. இன்னா சார் கேக்குறாரு?"

அங்கே ஆசீர்வாதத்துக்கு வசதியான பதில்கள் நிறைய இருந்தன. நல்லா வந்துச்சா என்று கேட்கிறார் எனலாம். பாப்பா சாப்பிட்டுதா என்று கேட்கிறார் எனலாம். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணீர் விட்ட எத்தனையோ பேருக்கு அவர் இதைவிடப் பெரிய ஆறுதல்களைப் பென்சிலால் வரைந்து கொடுத்திருக்கிறார்.

"'இன்னும் தள்ளிக்கணுமா சார்'னு கேக்குறாரும்மா" என்றார். "நான்தான் தள்ளிக்கச் சொன்னேன். கொக்கை எடுக்கிறதுக்கு. எனக்குப் படத்துல ஆள் இருக்கக் கூடாது."

கங்கம்மா நிமிர்ந்தாள்.

"தலை வாரிக்கினு நின்னத எடுத்தியே?"

ஆசீர்வாதம் பெட்டிக் கேமராவின் நூலை அவிழ்த்து, பின் மூடியைத் திறந்து, அவள் முன்னால் வைத்தார். உள்ளே துரு மட்டும் இருந்தது. பாப்பா கையை விட்டுத் துழாவிப் பார்த்தது.

"ஒண்ணும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னது.

"ஃபிலிம் போடலம்மா. யாருக்கும் போடறதில்ல. ஃபிலிம்ல வெளிச்சம் பட்டுச்சுன்னு சொன்னதும் பொய்."

வெளியே யாரோ படகை இழுத்துக் கரையேற்றுகிற சத்தம் கேட்டது. கங்கம்மா பின் மூடியை மூடினாள்.

"ரெண்டு வாட்டி தலை வாரினாரு" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒரு வாரம் ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சாரு."

"தெரியும்மா."

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"பின்ன ஏன் சொன்ன?"

"நீ கேட்டியேம்மா."

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிரே எந்தக் கேமராவுக்குள்ளும் குனிந்துகொள்ள வழியில்லாமல் ஆசீர்வாதம் நின்றார். கடைசியில் அவள் எழுந்து, படத்தை ஆணியில் மாட்டினாள். கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கினாள். அகலை ஏற்றினாள். திரும்பாமலே, "துண்டு பச்சை. ஊட்டுக்காரம்மா வண்ணம் பூசுவாங்கன்னு சேகர் சொன்னான். எழுதிக்கோ" என்றாள். பிறகு, "மீன் கொழம்பு இருக்குது. உக்காரு. ஆனா இப்ப எங்கூடப் பேசாத" என்றாள்.

பேசாமல் சாப்பிட்டார். குழம்பு காரமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைக் காரணமாக வைத்துக்கொள்ள முடிந்தது.

கை கழுவ வெளியே வந்தபோது, பாப்பா பொய்ப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது. பெட்டி அதன் முழங்காலை இடித்தது.

"நில்லு சார்" என்றது. "ஃபோட்டோ."

ஆசீர்வாதம் நின்றார்.

"கொஞ்சம் தள்ளிக்கோ."

தள்ளிக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, இருக்கிற கொஞ்சம் முடியை வாரினார். திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை வாரினார். நிமிர்ந்து நின்றார். வாசற்படியில் வலையோடு உட்கார்ந்திருந்த கங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, வலைக்குக் குனிந்துகொண்டாள்.

கிளிக். ஸ்பிரிங் இன்னும் பிரமாதமாக வேலை செய்தது.

"நல்லா வந்துச்சா?" என்று கேட்டார் ஆசீர்வாதம்.

"வந்துச்சி" என்றது பாப்பா. "அடுத்த வாட்டி வா, தரேன்."